குளிப்பாட்டத் தெரிந்தால் மஸில்லோடர் வாங்குங்கள்

என் முதல் மஸில்லோடரைக் கெடுக்க எனக்கு ஒரே வாரம்தான் பிடித்தது. வால்நட் கட்டை, பித்தளைப் பூண், எண்கோணக் குழல் என்று பார்த்தவுடன் கையில் எடுக்கத் தோன்றும் துப்பாக்கி அது, குழலின் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் போடுகிற வகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பதினோரு குண்டு சுட்டுப் பழகிவிட்டு, களைப்பில் சுவரோரம் சாய்த்து வைத்தேன். நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம் என்று நினைப்பு. திங்கள் வேலை, செவ்வாய் மழை, புதன் காய்ச்சல். அடுத்த ஞாயிறு குழலுக்குள் ஈரத்துணியை விட்டு இழுத்தேன். செங்கல் பொடியில் புரட்டி எடுத்தது போல வெளியே வந்தது. குழலின் அடிப்பக்கத்திலிருந்து நாலு விரற்கடை மேலே, அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். அதற்கப்புறம் அந்தத் துப்பாக்கியில் குண்டைச் சுற்றிப் போட்டுச் சுடும் துணி ஒன்றுகூட முழுசாகக் கீழே விழுந்ததில்லை.

அன்றிலிருந்து யாராவது "எந்த மஸில்லோடர் வாங்கலாம்?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: ராத்திரி எட்டு மணிக்கு, பசியோடு, சேறு படிந்த காலோடு வீட்டுக்கு வந்த பிறகு, அதைப் பிரித்துக் கழுவ உங்களால் முடியுமா? காலிபர் என்கிற குழல் துளையின் அளவு, தூரம், கம்பெனிப் பெயர் எல்லாம் அதற்கு அடுத்த பேச்சு.

ஏன் இந்தக் கழுவல் இவ்வளவு பெரிய விஷயம்? மஸில்லோடருக்குத் தோட்டா கிடையாது. கரிமருந்து என்கிற வெடிமருந்தைக் குழலின் வாய் வழியாகக் கொட்டி, அதன்மேல் குண்டை வைத்து, ராம்ராட் என்கிற கம்பியால் அடிவரை கெட்டிக்க வேண்டும். கரிமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறுவதே இல்லை. புகையாகவும் கறையாகவும் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. குழலில் ஒட்டும் அந்தக் கறை பொட்டாசிய உப்புகளின் கலவை. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதே வேலையைத்தான் அது குழலுக்குள் செய்கிறது. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து, இரும்போடு ஒட்டவைத்து, துருவுக்குப் பாய் விரித்துக் கொடுக்கிறது.

வாங்குவதற்கு முன் இன்னொன்று. வேட்டையே கூடாது என்று சொல்லும் நாடுகள் உண்டு. கூடும் என்கிற இடங்களிலும் மஸில்லோடருக்கென்று தனிப் பருவம், தனி விதிகள் இருக்கும். சிக்கிமுக்கிக் கல் வைத்ததுதான் செல்லும் என்று ஓரிடத்தில் இருக்கும், தொலைநோக்கி கூடாது என்று இன்னோரிடத்தில். குறைந்தபட்சக் காலிபரும் சொல்லியிருப்பார்கள். அந்த விதிப் புத்தகத்தை முதலில் படியுங்கள். பாதித் தேர்வு அதிலேயே முடிந்துவிடும்.

சரி, இப்போது துப்பாக்கிக்கு வருவோம். நெருப்பு எப்படி மருந்தைத் தொடுகிறது என்பதை வைத்து மூன்று வகை.

பழையது ஃப்ளிண்ட்லாக். சிக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசி, பொறி ஒரு சின்னக் கிண்ணத்து மருந்தில் விழுந்து, அந்தத் தீ குழலின் பக்கவாட்டுத் துளை வழியாக உள்ளே போகும். அடுத்தது பெர்கஷன். அலெக்ஸாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1807இல் காப்புரிமை வாங்கிய யோசனையிலிருந்து வளர்ந்தது இது. கிண்ணத்து மருந்து பளிச்சென்று எரிவதைப் பார்த்துப் பறவைகள் குண்டு வருவதற்குள் பறந்துவிடுகின்றன என்ற எரிச்சலில்தான் அவர் இதில் இறங்கினார் என்று சொல்வார்கள். அடிபட்டால் வெடிக்கும் ரசாயனத்தை அவர் கொண்டுவந்தார். பின்னால் அது சின்னச் செம்பு மூடிக்குள் போனது. நிப்பிள் என்கிற துளையுள்ள முளையின் மீது, கேப் எனப்படும் அந்த மூடியை மாட்டி, சுத்தியலால் அடித்தால் தீ உள்ளே பாயும். மூன்றாவது இன்லைன். நெருப்பு பக்கத்திலிருந்து வளைந்து வராமல், குழலுக்கு நேர் பின்னாலிருந்து வரும். டோனி நைட் 1985இல் கொண்டுவந்த எம்.கே-85 என்ற துப்பாக்கிதான் இந்த வகையை வேட்டைக்காரர்களிடம் பரப்பியது. இப்போது பெரும்பாலானவை ஷாட்கன் தோட்டாவில் இருக்கும் 209 ப்ரைமர் என்கிற தீமூட்டியையே பயன்படுத்துகின்றன.

வருடத்துக்கு ஒரு வாரம்தான் காட்டுக்குப் போவீர்கள், அந்த ஒரு வாரத்தில் துப்பாக்கி தவறாமல் வெடிக்க வேண்டும் என்றால், இன்லைன் வாங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பின்பக்கத்தை அடைக்கும் ப்ரீச் ப்ளக் என்கிற திருகு மூடியைக் கழற்றினால் குழல் இரண்டு பக்கமும் திறந்த குழாய். விளக்கைப் பிடித்துப் பார்த்தால் அழுக்கு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். கழுவுவதில் இதைவிடச் சுலபமான மஸில்லோடர் கிடையாது.

பெர்கஷனில் குழலைக் கழற்ற முடிகிற வகை, முடியாத வகை என்று இரண்டு உண்டு. பின்முனையில் கொக்கி போட்டு, நடுவில் ஓர் ஆப்பு செருகியிருந்தால், ஆப்பைத் தள்ளிவிட்டுக் குழலைத் தூக்கி எடுத்துவிடலாம். நேராக வாளிக்குள் போகும். சிறு ஆணிகளால் கட்டையோடு பிணைத்த குழலை ஒவ்வொரு முறையும் கழற்றினால் கட்டை உடையும். அதைக் கட்டையோடு வைத்தே கழுவ வேண்டும். என் இரண்டாவது துப்பாக்கி கொக்கி வைத்த பெர்கஷன். முதலாவதில் பட்ட அடியிலிருந்து கற்ற பாடம்.

இப்போது நான் அதிகம் எடுத்துப் போவது ஃப்ளிண்ட்லாக். ஆனால் முதல் துப்பாக்கியாக அதை யாருக்கும் சொல்ல மாட்டேன். விசையை அழுத்தியதற்கும் குண்டு புறப்படுவதற்கும் இடையே கண்ணருகில் ஒரு தீப்பொறி வெடிக்கும். அதற்குக் கண் சிமிட்டாமல் குறியைப் பிடித்து நிற்கப் பழக எனக்கு ஒரு முழுப் பருவம் ஆயிற்று. இன்னொன்று, மலிவான ஃப்ளிண்ட்லாக் என்று ஒன்றை வாங்கவே கூடாது. மலிவான பெர்கஷன் எப்படியோ வெடித்துவிடும். மலிவான ஃப்ளிண்ட்லாக்கில் எஃகுத் தகடு சரியாகக் கடினப்படுத்தப்படாமல் இருந்தால் பொறியே வராது. தகடு மெத்தென்று இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். மருந்தில்லாமல் நாலு முறை தட்டினால் வெண்மையான தடிப்பொறிகள் கிண்ணத்துக்குள் விழ வேண்டும். கல் தகட்டில் ஆழமாகக் கோடு கிழித்துவிட்டு, ஒன்றிரண்டு சிவப்புப் பொறிதான் வருகிறதென்றால் கீழே வைத்துவிட்டு வேறு பாருங்கள்.

அடுத்து காலிபர். மான் அளவு மிருகத்துக்கு 0.50 அங்குலம் போதும். குண்டும் துணியும் எங்கும் கிடைப்பதும் அதற்குத்தான். 0.45இல் உருண்டைக் குண்டு ஏறத்தாழ 128 கிரெயின் (ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிரெயின்), 0.50இல் சுமார் 177, 0.54இல் 224 பக்கம். காலிபர் கொஞ்சம் கூடினாலும் எடை எப்படி ஏறுகிறது பாருங்கள். மானைவிடப் பெரியது என்றால் உருண்டைக் குண்டுக்கு 0.54தான் என் தேர்வு. ஒரு வேடிக்கையும் உண்டு: வெளியளவு ஒரே மாதிரியான இரண்டு எண்கோணக் குழல்களில் பெரிய காலிபர்தான் தூக்க லேசாக இருக்கும், ஏனென்றால் துளை பெரிது, இரும்பு குறைவு. நாள் முழுக்க மலையேறும் ஆளுக்கு இது சின்ன விஷயமில்லை.

காலிபரைவிட ஆட்கள் கோட்டை விடுவது முறுக்கில்தான். குழலுக்குள் ஓடும் சுழல் பள்ளம் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்பதே முறுக்கு. துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கு மெதுவான முறுக்கு வேண்டும், 60 அங்குலத்துக்கு ஒரு சுற்று அல்லது அதைவிட மெதுவாக. நீளக் குண்டுக்கும், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சுடும் சாபட் குண்டுக்கும் வேகமான முறுக்கு வேண்டும். இன்லைன்களில் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று சகஜம். நடுவே 48 என்று ஒன்று உண்டு, இரண்டையும் சுமாராகச் சுடும். வேகமான முறுக்குள்ள குழலில் உருண்டைக் குண்டைப் போட்டு, நிறைய மருந்தும் போட்டு, "இந்தத் துப்பாக்கி குறியே பிடிக்கவில்லை" என்று விற்றுவிட்டவர்களை எனக்குத் தெரியும். அப்படி விற்ற ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. நீளக் குண்டு போட்டால் அருமையாகச் சுடுகிறது.

தூரத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உருண்டைக் குண்டு காற்றில் சீக்கிரம் தளர்ந்துவிடும். 100 கெஜம் போவதற்குள் தன் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழந்துவிடும். நான் 70 கெஜத்துக்கு அப்பால் உருண்டைக் குண்டைச் சுடுவதில்லை. நல்ல இன்லைனும் சாபட்டும் 150 வரை தாராளமாகப் போகும், அவ்வளவு தூரம் சுட்டுப் பழகிய கை இருந்தால்.

பழைய துப்பாக்கி வாங்குவதாக இருந்தால், கடைக்குப் போகும்போது பையில் நாலு சாமான் கொண்டு போவேன்: ஒரு கம்பி, துணியைப் பிடித்துக்கொள்ள அதன் நுனியில் மாட்டும் ஜாக், வெள்ளைத் துணித்துண்டுகள், குழலுக்குள் நழுவவிடும் சின்ன விளக்கு.

முதல் வேலை, உள்ளே மருந்தும் குண்டும் இருக்கிறதா என்று பார்ப்பது. இது மரியாதைக் குறைவு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பரணில் ஐம்பது வருஷம் கிடந்த துப்பாக்கியில்கூடக் கெட்டித்த மருந்து உயிரோடு இருக்கும். கம்பியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகே விரலால் பிடித்துக்கொண்டு, வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பாருங்கள். கம்பியின் நுனி நிப்பிள் அல்லது பக்கத் துளை இருக்கும் இடம் வரை வர வேண்டும். ஒன்றிரண்டு அங்குலம் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது.

அப்புறம் விளக்கு. பளபளப்பு முக்கியமில்லை, ஒரே சீராக இருக்க வேண்டும். குறுக்கே வளையம் மாதிரி நிழல் தெரிந்தால், யாரோ குண்டை முழுசாகக் கெட்டிக்காமல் இடைவெளி விட்டுச் சுட்டிருக்கிறார்கள், குழல் அங்கே உப்பியிருக்கிறது. அதை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பிறகு ஜாக்கில் இறுக்கமான துணியை மாட்டி மெதுவாக அடிவரை தள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாததைக் கை சொல்லும். துணி வழுக்கிக்கொண்டு போய்ச் சட்டென்று ஓரிடத்தில் பிசிறடித்தால் அங்கே குழி. சில இடங்களில் தளர்ந்தால் அங்கே தேய்மானம். நான் கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவன். மைக்ரோமீட்டர் இல்லாத இடத்தில் விரலை நம்பு என்பது அங்கே படித்தது.

குழலின் வாய் விளிம்பைப் பாருங்கள். கம்பி உரசி உரசி ஒரு பக்கம் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் குறி பிசகும், ஆனால் இதை நல்ல துப்பாக்கி மெக்கானிக் சரிசெய்து கொடுப்பார். சுத்தியலை இயக்கும் பொறியான லாக்கை அரைக்கொக்கியில், அதாவது சுத்தியலைப் பாதி இழுத்த நிலையில், நிறுத்தி விசையை அழுத்திப் பாருங்கள். சுத்தியல் அசையவே கூடாது. முழுக்கொக்கியில் நிறுத்திக் கட்டைவிரலால் சுத்தியலை முன்னே தள்ளுங்கள். அப்போதும் விழக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று தோற்றாலும், அந்த லாக்கைப் பழுது பார்க்கும் வரை அது துப்பாக்கி இல்லை, ஆபத்து.

கடைசியாகத்தான் கட்டை. கன்னத்தில் வைத்தவுடன் கண் தானாகக் குறிக்கு நேராக வர வேண்டும். பிறை வடிவில் வளைந்த அடித்தகடு இருந்தால் அதைத் தோள் குழியில் வைக்காதீர்கள், மேற்கைக்கும் தோளுக்கும் சேரும் இடத்தில் வைக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த நாள் சட்டை மாட்டும்போது தெரியும்.

மருந்தில் ஒரு விதிக்கு விலக்கே இல்லை: இன்றைய ரைஃபிள் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை மஸில்லோடரில் போடக் கூடாது. ஒரு சிட்டிகைகூட வேண்டாம், கலப்படமும் வேண்டாம். குழல் வெடித்துவிடும். கரிமருந்து, அல்லது அதற்கு மாற்றாக மஸில்லோடருக்கென்றே செய்து விற்கும் மருந்து, இவை மட்டும்தான்.

கரிமருந்தில் மணியின் அளவை எஃப் எழுத்தால் குறிப்பார்கள். எஃப் கூடக் கூட மணி பொடியாகும். 0.50க்கும் அதற்கு மேலும் இரண்டு எஃப், சிறிய காலிபர்களுக்கு மூன்று எஃப், ஃப்ளிண்ட்லாக் கிண்ணத்துக்கு நாலு எஃப். மாற்று மருந்துகளில் பைரோடெக்ஸைக் கரிமருந்து போலவே கன அளவில் அளக்கலாம், எடை போட்டு அளக்கக் கூடாது. அதன் கறை கரிமருந்தின் கறையைவிடவும் துருவை வேகமாக வரவழைக்கும். ட்ரிபிள் செவனில் கந்தகம் இல்லை, நாற்றம் குறைவு, தண்ணீரில் சுலபமாகப் போகும், ஆனால் வேகம் அதிகம் என்பதால் அளவைக் குறைக்க வேண்டும். பிளாக்ஹார்ன் 209 கறை குறைவாக விடும். அதற்கு 209 ப்ரைமரும் அதற்கேற்ற ப்ரீச் ப்ளக்கும் கட்டாயம், கழுவுவதும் தண்ணீரால் இல்லை, எண்ணெய் சார்ந்த கரைப்பானால். ஃப்ளிண்ட்லாக் வைத்திருப்பவருக்கு இந்தப் பட்டியலே தேவையில்லை. மாற்று மருந்துகள் பற்றிக்கொள்ள அதிகச் சூடு வேண்டும், சிக்கிமுக்கிப் பொறிக்கு அவை சரியாக மசியாது. அசல் கரிமருந்துதான்.

துப்பாக்கியோடு வந்த கையேட்டில் அதிகபட்ச அளவு இருக்கும். அதைத் தாண்டாதீர்கள். 0.50இல் உருண்டைக் குண்டுக்கு நான் 50 கிரெயினில் ஆரம்பித்து ஐந்தைந்தாகக் கூட்டிப் பார்ப்பேன். ஒவ்வோர் அளவிலும் ஐந்து குண்டு. என் துப்பாக்கி 75இல் கைக்குட்டை அகலத்தில் ஐந்தையும் சேர்த்தது. 90இல் சிதறியது. அதிக மருந்து அதிக சக்தி என்று நினைத்து நான் ஒரு டப்பா மருந்தை வீணாக்கிய பிறகுதான் 75க்குத் திரும்பி வந்தேன்.

அப்போது கீழே விழுந்து கிடக்கும் துணிகளைப் பொறுக்கிப் பாருங்கள். என்னை வேட்டைக்குப் பழக்கிய பெரியவர் குறிப்பலகையைப் பார்ப்பதற்கு முன் துணியைத்தான் தேடுவார். "தம்பி, பலகை எங்க பட்டுச்சுன்னு சொல்லும். ஏன் பட்டுச்சுன்னு துணிதான் சொல்லும்," என்பார். துணி வட்டமாக, நடுவில் கறுத்து, ஓரம் லேசாகப் பிசிறி இருந்தால் நல்லது. நடுவில் பொத்தல் விழுந்து எரிந்திருந்தால் துணி மெல்லிசு அல்லது மசகு போதவில்லை. வட்டமாகக் கத்தி வெட்டு மாதிரி இருந்தால் குழலின் வாய் விளிம்பு கூராக இருக்கிறது. கந்தலாக வந்தால் உள்ளே குழி, என் முதல் துப்பாக்கி மாதிரி. துணி அசல் பருத்தியாக, இறுக்க நெய்ததாக இருக்க வேண்டும். செயற்கை நூல் கலந்திருந்தால் உருகிக் குழலில் ஒட்டிக்கொள்ளும்.

கெட்டிக்கும்போது சில பழக்கங்கள். மருந்துக் குடுக்கையிலிருந்து நேராகக் குழலுக்குள் ஊற்றவே கூடாது. முந்தைய சூட்டின் கங்கு உள்ளே இருந்தால் குடுக்கையே கையில் வெடிக்கும். அளவுக் கிண்ணத்தில் எடுத்துத்தான் கொட்ட வேண்டும். முகத்தைக் குழல் வாய்க்கு நேராகக் கொண்டுவராதீர்கள். மரக் கம்பியாக இருந்தால் ஒரு சாண் உயரத்தில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். உச்சியில் பிடித்து அழுத்தினால் கம்பி ஒடிந்து உள்ளங்கைக்குள் ஏறும். குண்டு மருந்தின் மேல் அழுத்தமாக உட்கார வேண்டும், நடுவில் காற்றுக்கு இடம் கூடாது. கம்பியில் இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள்: ஒன்று வெறும் குழலுக்கு, இன்னொன்று மருந்தும் குண்டும் சரியாக உட்கார்ந்ததற்கு. இந்த இரண்டு கோடும் எத்தனையோ பேர் விரலைக் காப்பாற்றியிருக்கிறது.

மருந்து போட மறந்து வெறும் குண்டைக் கெட்டிப்பது எல்லோருக்கும் ஒரு நாள் நடக்கும். எனக்கு மூன்று முறை நடந்திருக்கிறது, மூன்று முறையும் பக்கத்தில் நின்று யாரோ பேச்சுக் கொடுத்தபோது. பதறாமல், குண்டில் திருகிப் பிடிக்கும் புல்லரைக் கம்பியில் மாட்டி வெளியே இழுங்கள், அல்லது கரியமில வாயு அடிக்கும் கருவியால் தள்ளுங்கள். உள்ளே மருந்து நிச்சயம் இல்லை என்று தெரிந்தால் மட்டும் புல்லரைத் தொடுங்கள்.

இப்போது வேட்டை நாள். முந்தைய பருவத்தின் முடிவில் பூசிய எண்ணெய் நிப்பிளுக்குள் தேங்கியிருக்கும். ஒரு விடியற்காலை, நாற்பது கெஜத்தில் பக்கவாட்டில் நின்ற ஒரு மான், விசையை அழுத்துகிறேன், டப். கேப் மட்டும் வெடித்தது. மான் என்னைப் பார்த்தது. நான் மானைப் பார்த்தேன். அது அவசரமே படாமல் போயிற்று. துப்பாக்கி அப்படிச் சும்மா இருந்தால் வாயைப் பாதுகாப்பான பக்கம் காட்டியபடியே குறைந்தது ஒரு முழு நிமிடம் நில்லுங்கள், ஏனென்றால் உள்ளே கங்கு ஊர்ந்துகொண்டிருக்கலாம், தாமதமாக வெடிக்கலாம். அன்றிலிருந்து கெட்டிப்பதற்கு முன் காய்ந்த துணியால் குழலைத் துடைத்து, நிப்பிள் துளையில் குத்தூசி விட்டு, வெறும் கேப் இரண்டு அடித்துவிடுகிறேன். குழல் வாயைத் தரையில் கிடக்கும் ஒரு சருகுக்கு நேரே பிடித்து அடித்தால், சருகு அசைய வேண்டும். அசைந்தால் வழி திறந்திருக்கிறது.

ஃப்ளிண்ட்லாக்கில் கிண்ணத்து மருந்தைப் பக்கத் துளைக்குக் கீழே நிற்கிற அளவுக்குப் போடுங்கள். துளையை மூடினால் அது திரி மாதிரி எரிந்துதான் உள்ளே போகும், தாமதமாகும். தூறலில் கிண்ணத்து மருந்தை அடிக்கடி துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். நான் அரை மணிக்கு ஒருமுறை செய்வேன். கல்லைத் தோலில் சுற்றி இறுக்கமாகப் பிடிக்கவையுங்கள், விளிம்பு முழுவதும் தகட்டில் ஒரே நேரத்தில் படும்படி. சில கற்கள் ஐம்பது முறை பொறி தரும். சில பத்திலேயே உதிர்ந்துவிடும். பையில் எப்போதும் இரண்டு கூடுதலாக.

குளிரில் திரிந்துவிட்டுக் கெட்டித்த துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் குழலுக்குள் வியர்த்துவிடும், மருந்து நனையும். நான் அந்தச் சிக்கலே வேண்டாமென்று மாலையில் ஒரு மண்மேட்டில் சுட்டுக் காலி செய்துவிடுவேன். அதற்கும் கழுவ வேண்டும் என்று சிலர் சோம்பல்படுவார்கள்.

கழுவுவதற்கு வருவோம். இதற்கு விலை உயர்ந்த திரவங்கள் நிறைய விற்கிறார்கள். கரிமருந்துக் கறை உப்பு. உப்பைக் கரைக்கத் தண்ணீரைவிட நல்லது இன்னும் வரவில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு நாலு சொட்டு. கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் காயும் என்பது பழைய நம்பிக்கை. நானும் ஊற்றியிருக்கிறேன். துடைப்பதற்குள் குழல் முழுக்க மஞ்சள் துரு பூத்துவிடும். கை பொறுக்கும் சூடு போதும்.

கொக்கி வைத்த பெர்கஷனில் நிப்பிளைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு, குழலின் அடிமுனையை வாளித் தண்ணீரில் நிறுத்துங்கள். ஜாக்கில் துணி மாட்டி மேலும் கீழும் இழுத்தால், தண்ணீர் நிப்பிள் துளை வழியாக உள்ளே ஏறி வெளியே பீய்ச்சும், கைப்பம்பு மாதிரி. முதல் தண்ணீர் மை போலக் கறுத்து, அழுகிய முட்டை வாசனை அடிக்கும். "என்னங்க, மாடிப்படி துடைக்கிற வாளியையா எடுத்தீங்க?" என்று என் மனைவி கேட்டது இந்தக் கட்டத்தில்தான். துப்பாக்கிக்குத் தனி வாளி வாங்கிவிடுங்கள். தண்ணீரை மூன்று முறை மாற்றினால், பெரும்பாலும் மூன்றாவது தெளிவாக இருக்கும்.

கட்டையோடு பிணைத்த ஃப்ளிண்ட்லாக்கில் லாக்கைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத் துளையில் பல்குச்சியைச் செருகி, குழலில் தண்ணீர் நிரப்பி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஆட்டிக் கொட்டுங்கள். துளையைச் சுற்றிக் கட்டையில் பழந்துணி வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கறுப்புத் தண்ணீர் மரத்துக்குள் இறங்கும். இன்லைனில் ப்ரீச் ப்ளக்கை அன்றன்றே கழற்ற வேண்டும். என் நண்பர் ஒருவர் பருவம் முழுக்கக் கழற்றாமல் வைத்து, கடைசியில் அது குழலோடு பற்றிக்கொண்டு, மெக்கானிக்கிடம் போய்த்தான் வந்தது. மரைகளைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, மரை பற்றாமலிருக்கப் பூசும் ஆன்ட்டி சீஸ் பசையை மெல்லிசாகத் தடவி மாட்டுங்கள்.

அதிகம் தவறவிடும் இடம் குழலின் அடி. ஜாக் தட்டையாக இருந்தால் அடிமூலையைத் தொடாது. அங்கே ஒரு வட்டக் கறை தங்கி அரிக்கும். அடியின் வடிவத்துக்கேற்ற சுரண்டியைக் கம்பியில் மாட்டி இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். கறுப்புத் தூள் வருவதைப் பார்த்தால் நம்புவீர்கள்.

பிறகு காய்ந்த துணி, ஒன்றன்பின் ஒன்றாக, ஈரம் போகும் வரை. அதற்கு மேலும் துளை இடுக்குகளில் தண்ணீர் ஒளிந்திருக்கும். அதை விரட்ட டபிள்யூ.டி-40 அடிக்கலாம். தண்ணீரை இடம்பெயர்ப்பதற்காகவே அதைச் செய்தார்கள், பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அதையே காவலுக்கு நம்பி விட்டுவிடாதீர்கள். துடைத்தெடுத்துவிட்டு நல்ல துப்பாக்கி எண்ணெயை மெல்லிசாகப் பூசுங்கள். வேட்டைக்கு முன் அந்த எண்ணெயை முழுசாகத் துடைத்துவிட வேண்டும். பெட்ரோலிய எண்ணெயும் கரிமருந்துக் கறையும் சேர்ந்தால் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். சுடும் நாளில் துணிக்குப் போடும் மசகு தேன்மெழுகு, விலங்குக் கொழுப்பு, தாவர எண்ணெய் வகையறாவாக இருக்கட்டும்.

லாக்கையும் கழுவி, துடைத்து, உராயும் இடங்களில் ஒவ்வொரு சொட்டு. திருகாணியின் வெட்டுக்குப் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் திருகினால் தலை சிதையும். சரியான அளவில் ஒன்று வாங்கி அதைத் துப்பாக்கிப் பெட்டியிலேயே பூட்டி வையுங்கள், சமையலறைக்குப் போனால் திரும்பி வராது. நிப்பிள் துளை பெரிதாகிவிட்டால் சுடும்போது வாயு பின்னால் அடித்துச் சுத்தியலைத் தூக்கிவிடும். அப்படி ஆனால் யோசிக்காமல் புதிது மாற்றுங்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைக்கிற அந்த ராத்திரி, இன்னும் முடியவில்லை. மறுநாள் காலை ஒரு காய்ந்த வெள்ளைத் துணியைக் குழலில் விட்டு எடுங்கள். பெரும்பாலும் லேசான பழுப்பு வரும், எவ்வளவு நன்றாகக் கழுவியிருந்தாலும். மறுபடி எண்ணெய் பூசுங்கள். மூன்றாம் நாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை. துணி வெள்ளையாகவே வெளியே வந்ததும், வாய் கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள், அடியில் ஒரு பழந்துணி போட்டு. எண்ணெய் வழிந்தால் நிப்பிளுக்கும் கட்டைக்கும் போகாமல் அந்தத் துணியில் வழியட்டும்.